அட்மிஷன் அன்றே லேப்டாப் எதற்கு?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். 1997-ல் சேர்ந்தேன். காலண்டர், டைரி, பட்டாசுப் பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை என்று இத்தனை வருஷமும் கம்ப்யூட்டர் முன்னால்தான் போயிருக்கிறது. அப்படிப்பட்ட நானே என் மகளுக்கு லேப்டாப் வாங்கும்போது கோட்டைவிட்டேன். யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், அவசரப்படுத்தினார்கள். கல்லூரிச் சேர்க்கைக் காலம் மறுபடி வந்துவிட்டது. அதனால் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024-ல் மகளுக்குச் சென்னையில் ஒரு தனியார் டிசைன் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு வருஷ பி.டெஸ்., அதாவது டிசைன் பட்டப் படிப்பு. பணம் கட்டிய ரசீதோடு ஒரு தாளும் கொடுத்தார்கள். ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், 6 ஜி.பி. கிராஃபிக்ஸ் கார்டு, வகுப்பு தொடங்கும் அன்று கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருந்தது. எந்த சாஃப்ட்வேருக்காக, எந்த வருஷப் பாடத்துக்காக என்று ஒரு வரி இல்லை. திரை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் ஒரு வரி இல்லை. நிறத்தையும் வடிவத்தையும் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்கள் பிள்ளை நாள் முழுக்கப் பார்க்கப்போகிற திரையைப் பற்றி எப்படி ஒன்றுமே கேட்காமல் விட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வகுப்பு தொடங்க ஒன்பது நாள் இருந்தது.

அது ஜூலை மாதம். சிவகாசிக்காரர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஆடிப்பெருக்கு அன்றுதான் இங்கே அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பங்களை வெளியிடுவார்கள். அதற்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் எங்களுக்கு ராத்திரி பகல் கிடையாது. முருகனுக்கு ஒரு கலர், லட்சுமிக்கு ஒரு கலர் என்று திருத்தித் திருத்திப் புரூஃப் எடுத்துக்கொண்டிருப்போம். முதலாளியிடம் கெஞ்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு மகளோடு மதுரைக்குப் போனேன். கடைப் பையன் தாளை வாங்கிப் பார்த்தான். "அண்ணே, டிசைன் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்று ஒரு கேமிங் லேப்டாப்பை எடுத்து வைத்தான். கீபோர்டில் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்கு ஓடியது. தாளில் கேட்டிருந்த எல்லாமே அதில் இருந்தது. பில் 94,400 ரூபாய். அதில் 80,000 கம்ப்யூட்டருக்கு, 14,400 ஜி.எஸ்.டி.க்கு. ஏலச்சீட்டை முன்கூட்டியே எடுத்து, தள்ளுபடியில் நஷ்டப்பட்டுக் கட்டினேன்.

சரி, வாங்கியாயிற்று. முதல் வருஷம் அதில் என்ன செய்தாள் தெரியுமா? வேர்டில் இரண்டு கட்டுரை அடித்தாள். மற்றபடி ஹாஸ்டலில் படம் பார்த்தார்கள்.

முதல் வருஷம் முழுக்கக் கைவேலை. 2பி-யிலிருந்து 8பி வரை பென்சில், போஸ்டர் கலர், கட்டர், ஸ்டீல் ஸ்கேல், களிமண், கம்பி. போஸ்டர் கலரைக் குழைத்து வண்ணச் சக்கரம் போடுவதற்கே ஒரு வாரம் உட்கார்ந்திருக்கிறாள். இது அந்தக் கல்லூரியின் குறை ஒன்றும் இல்லை. 1961-ல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய டிசைன் கல்வி நிறுவனமான என்.ஐ.டி.யிலும், ஃபேஷன் கல்வி நிறுவனமான நிஃப்ட்டிலும்கூட முதல் வருஷம் எல்லாருக்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சிதான். எந்தத் துறை என்பது அதற்கப்புறம்தான் வரும். கையும் கண்ணும் பழக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நானே மவுசைத் தொடும் முன்னால் ஆறு மாதம் பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தவன்தான். என் கேள்வி ஒன்றுதான். எந்தத் துறைக்குப் போகப்போகிறாள் என்று பிள்ளைக்கே தெரியாத நிலையில், எந்த லேப்டாப் வேண்டும் என்று கல்லூரிக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

இரண்டாம் வருஷம் மகள் கம்யூனிகேஷன் டிசைன் எடுத்தாள். போஸ்டர், புத்தக அட்டை, லோகோ, செல்போன் ஆப் எப்படி இருக்க வேண்டும் என்று வரைவது, இந்த மாதிரி வேலை. இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபோட்டோஷாப், ஃபிக்மா என்ற சாஃப்ட்வேர்கள்தான் தினசரி ஓடும். இதற்கெல்லாம் தனி கிராஃபிக்ஸ் கார்டு பெரிதாகத் தேவையே இல்லை. ரேம் வேண்டும், நல்ல திரை வேண்டும். நாங்கள் காசைக் கொட்டியது கிராஃபிக்ஸ் கார்டில். திரைதான் மட்டம். அது தெரியவந்த கதையைச் சொல்கிறேன்.

போன வருஷம் கல்லூரியில் கண்டாங்கிச் சேலைக்கு ஒரு போஸ்டர் செய்யச் சொல்லியிருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்துச் சேலை. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதன் அரக்கு நிறம்தான் போஸ்டருக்கு உயிர். பொங்கல் லீவில் ஊருக்கு வந்தவள், "நம்ம பிரஸ்லயே பிரின்ட் எடுத்துத் தாங்கப்பா" என்றாள். காலண்டர் வேலை முடிந்து அச்சகம் சும்மா கிடந்த நேரம். புரூஃப் எடுக்கும் டிஜிட்டல் மெஷினில் போட்டோம். தாள் வெளியே வந்ததும் மெஷின்மேன் எடுத்துப் பார்த்துச் சிரித்துவிட்டார். "இது அரக்கு இல்ல பாப்பா, காளியம்மன் கோயில் குங்குமம்."

அவளுக்கு முகம் விழுந்துவிட்டது. "என் ஸ்க்ரீன்ல அரக்காத்தான்ப்பா இருந்துச்சு."

ஃபைலைத் திறந்து, எந்த இங்க் எத்தனை சதவீதம் என்ற எண்களைப் பார்த்தேன். மெஜந்தா 100, எல்லோ 90, பிளாக் வெறும் 5. அந்தக் கலவையில் குங்குமம்தான் வரும், வேறென்ன வரும்? முதலில் பிளாக் 40-க்கு மேல்தான் வைத்திருந்தாளாம். அந்தத் திரையில் அது காய்ந்த செம்மண் மாதிரி செத்துப்போய்த் தெரிந்திருக்கிறது. அதனால் கறுப்பைக் குறைத்து, இன்னும் குறைத்து, திரையில் அரக்கு மாதிரித் தெரியும்வரை சிவப்பை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள். திரை காட்டாத சிவப்பைத் திரையிலேயே தேடியிருக்கிறாள், பாவம். எங்கள் அச்சகச் சுவரில் தொங்கும் கலர் சார்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழும் எந்த இங்க் எத்தனை சதவீதம் என்று அச்சடித்திருக்கும். அரக்குக் கட்டத்தைத் தேடிப் பிடித்தோம்: சயான் 20, மெஜந்தா 100, எல்லோ 80, பிளாக் 40. அந்த எண்களைப் போட்டு, திரையைப் பார்க்கவே கூடாது என்று சொல்லி மறுபடி பிரின்ட் எடுக்கச் சொன்னேன். சேலையே வந்து விழுந்தது.

அன்று ராத்திரி லேப்டாப் வாங்கிய அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கி, உள்ளே இருந்த தாளைத் தேடிப் படித்தேன். சின்ன எழுத்தில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று இருந்தது. விலை குறைந்த திரைகள் பலவற்றில் இந்த 45 என்ற எண் இருக்கும். என்.டி.எஸ்.சி. என்பது 1953-ல் அமெரிக்கக் கலர் டி.வி.க்கு வகுத்த பழைய நிற அளவுகோல். இன்றைக்குக் கம்ப்யூட்டரிலும் இணையத்திலும் பொதுவாக வைத்துக்கொள்வது 1996-ல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற அளவுகோல். அதன் முழு அளவு ஏறக்குறைய 72 சதவீத என்.டி.எஸ்.சி.க்குச் சமம். அப்படியானால் 45 என்ற திரை, காட்ட வேண்டிய நிறத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலாகக் காட்டாமலே விழுங்கிவிடுகிறது. சிவப்பு நன்றாகவே அடிபடும். விளையாடுகிறவனுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. டிசைன் படிக்கிறவளுக்குக் கையில் கொடுத்தது அழுக்குக் கண்ணாடி. 94,400 ரூபாய்க் கண்ணாடி.

கடையில் இது தெரியாது, ஆசிரியர் அவர்களே. வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, கடலுக்கடியில் மீன் நீந்தும் வீடியோவை ஓடவிட்டிருப்பார்கள். எல்லாத் திரையும் ஜொலிக்கும். அதனால் இப்போது யார் கேட்டாலும் நான் சொல்வது, கையோடு ஒரு காலண்டர் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான். அதே படத்தின் ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கடைத் திரையில் அதைத் திறந்து, பக்கத்தில் தாளை விரித்துப் பாருங்கள். அச்சும் திரையும் அச்சு அசலாக ஒன்றுபோல் ஒருபோதும் இருக்காது, அது வேறு விஷயம். ஆனால் மட்டமான திரை பத்து விநாடியில் காட்டிக்கொடுத்துவிடும்: குங்குமம் செங்கல்லாகும், மஞ்சள் வெளுக்கும். அப்புறம் திரையை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். சாய்க்கும்போது நிறம் மாறினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று பெட்டியில் எழுதியிருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். லேப்டாப்பை மாற்ற வசதி இல்லை. சாய்த்துப் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐ.பி.எஸ். வகைத் திரை உள்ள 24 அங்குல மானிட்டர் ஒன்றை 11,000 சொச்சத்துக்கு வாங்கி ஹாஸ்டல் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இப்போது அதில்தான் வேலை செய்கிறாள். வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போவது என்னவோ அந்த லேப்டாப்தான். 2.3 கிலோ, சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்கு மேல். சார்ஜர் இல்லாமல் மூன்று மணி நேரம் தாங்காது. ஒரு தோள் இறங்கியே நடக்கிறாள் என்று அவள் அம்மாவுக்குக் கவலை. நல்லதையும் சொல்லிவிட வேண்டும்: அதில் ரேம் மாற்றும் வசதி இருந்தது, பின்னால் கூட்டிக்கொள்ளலாம். மெலிதான பல லேப்டாப்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும்போது என்ன இருக்கிறதோ அதுதான் நாலு வருஷத்துக்கும்.

அந்த ரேமைப் பற்றி நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 1997-ல் நான் உட்கார்ந்த முதல் மெஷினில் 16 எம்.பி. ரேம்தான். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் சாஃப்ட்வேரைத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அதில்தான் மாதக் காலண்டர் பன்னிரண்டு தாளும் போட்டோம். மகளுடையது 16 ஜி.பி., அதைப்போல ஆயிரம் மடங்கு. அவளும் ஃபைலைத் திறந்துவிட்டு டீ குடிக்கத்தான் போகிறாளாம்.

ஆப்பிளின் மேக் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். மகளுடைய துறைக்கு அது நல்ல கருவிதான். திரை சுத்தமாக இருக்கும், சார்ஜ் ஒரு நாள் நிற்கும், எடை பாதி. 2024 அக்டோபருக்குப் பிறகு மேக்புக் ஏர் வாங்கினால் குறைந்தபட்சமே 16 ஜி.பி.தான். ஆனால் அவளோடு ஹாஸ்டலில் இருக்கும் பெண் புராடக்ட் டிசைன் எடுத்திருக்கிறாள். அவள் அப்பா விவசாயி. கல்லூரித் தாளைப் பார்த்துப் பயந்துபோய், இருப்பதிலேயே நல்லதை வாங்கிவிடுவோம் என்று கடன்பட்டு மேக் வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் வருஷம், பொருள்களை 3டி-யில் வரையும் சாலிட்வொர்க்ஸ் பாடம் வந்தது. அது விண்டோஸில் மட்டும்தான் ஓடும். இன்டீரியர், கட்டடக் கலைப் பிள்ளைகள் தொடும் ரெவிட், 3டிஎஸ் மேக்ஸ் இரண்டும் அப்படித்தான். ஆட்டோகேட், ரைனோ, பிளெண்டர் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். அந்தப் பெண் இப்போது கல்லூரி லேபில் வரிசையில் நிற்கிறாள். லேபை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுகிறார்கள். என் மகளின் கேமிங் லேப்டாப் அவளுக்குக் கச்சிதமாக இருந்திருக்கும், அவளுடைய மேக் என் மகளுக்கு. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில்தான் தூங்குகிறார்கள்.

சாஃப்ட்வேர் செலவைப் பற்றியும் அந்தத் தாளில் ஒன்றும் இல்லை. கடைப் பையன் "ஐந்நூறு ரூபாய் கொடுங்கண்ணே, எல்லாத்தையும் ஏத்தித் தர்றேன்" என்றான். திருட்டு நகலில் வருஷக்கணக்காக எங்கள் தொழிலே ஓடியிருக்கிறது, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் வைரஸ் புகுந்து ஒரு செமஸ்டர் வேலை போனால் யாரைக் கேட்பது? வேண்டாம் என்றுவிட்டேன். பிறகு விசாரித்ததில் மாணவர்களுக்கு எவ்வளவோ இலவசமாகக் கிடைக்கிறது. ஆட்டோகேட், ரெவிட் தயாரிக்கும் ஆட்டோடெஸ்க் தன் சாஃப்ட்வேர்களை மாணவர் என்று காட்டினால் ஒரு வருஷத்துக்குச் சும்மா தருகிறது, படிக்கும்வரை வருஷா வருஷம் புதுப்பித்துக்கொள்ளலாம். ஃபிக்மாவும் மாணவர்களுக்கு இலவசம். பிளெண்டர், இங்க்ஸ்கேப், கிரிட்டா எல்லாருக்குமே இலவசம். அஃபினிட்டி என்ற டிசைன் சாஃப்ட்வேரை 2025 அக்டோபர் கடைசியில் இலவசமாக்கிவிட்டார்கள். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் தயாரிக்கும் அடோபிக்கு மட்டும் மாணவர் விலையில் சந்தா கட்டுகிறோம். 2013-க்குப் பிறகு இந்த மூன்றிலும் ஒரே தடவையில் வாங்கி வைத்துக்கொள்ளும் புதிய பதிப்பே கிடையாது. மாதா மாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் அதற்கும் கொஞ்சம் ஒதுக்கி வைத்திருப்பேன்.

இன்னொன்று எனக்குத் தாமதமாகத் தெரிந்தது, மற்றவர்களுக்காவது உதவட்டும். மகள் படிப்புக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கியிருக்கிறேன். படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் அந்தக் கடனில் சேர்த்துக்கொள்ள இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே இடம் உண்டு. நான் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்த பிறகுதான் வங்கி அதிகாரி சொன்னார். இந்தப் படிப்புக்கு இன்ன கம்ப்யூட்டர் தேவை என்று கல்லூரி கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் சுலபமாக முடிந்திருக்கும் என்றார். எங்களுக்குக் கொடுத்த தாளில் முத்திரையும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. டிசைன் கல்லூரிகள் துறைவாரியாக, வருஷவாரியாக எந்த சாஃப்ட்வேர் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். அதைப் பார்த்து என்ன மெஷின் வாங்குவது என்று விஷயம் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். திரைக்கும் ஓர் அளவு சொல்லட்டும். துறை முடிவாகும் வரை 'கட்டாயம்' என்ற வார்த்தையை எடுத்துவிடட்டும். முதல் வருஷக் கட்டுரை அடிக்க வீட்டில் இருக்கும் பழைய லேப்டாப் போதும். லேபை ராத்திரி பத்து மணி வரையாவது திறந்து வைக்கட்டும்.

அரசுக்கும் ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், ரப்பர், கிரேயான், நோட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சந்தோஷம், மகளின் முதல் வருஷப் பட்டியலில் பாதி அதுதான். லேப்டாப்புக்கு மட்டும் அதே 18 சதவீதம் நிற்கிறது. நான் கட்டிய 14,400 ரூபாய் வரிக்கு அந்த மானிட்டரை முதலிலேயே வாங்கியிருப்பேன், பஸ் செலவுக்கும் மிச்சம் இருந்திருக்கும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷின் ஓட்டுகிறவர் வந்தார். அவர் மகனுக்கு இந்த வருஷம் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு டிசைன் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. கையில் ஒரு தாள். ஐ7, 16 ஜி.பி., 6 ஜி.பி., ஏழு நாளுக்குள். "நீதான்யா கூட வந்து வாங்கித் தரணும்" என்கிறார். இன்றைக்கு வேண்டாம், முதலில் கல்லூரிக்கு போன் போட்டு இரண்டாம் வருஷத்தில் என்ன சாஃப்ட்வேர் என்று கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். கேட்டிருக்கிறார். சம்பந்தப்பட்டவர் லீவில் இருக்கிறாராம், திங்கட்கிழமை கூப்பிடச் சொன்னார்களாம். அதற்குள் நான் போன வருஷத்து முருகன் காலண்டரில் நல்ல தாள் ஒன்றைத் தேடி எடுத்து வைத்திருக்கிறேன். ஃபைலும் பென் டிரைவில் ஏறிவிட்டது.

இப்படிக்கு,
ஓர் அச்சகத் தொழிலாளி,
சிவகாசி.